வேர் சொல்ல வேண்டிய சேதி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் நலம். மூக்கு மட்டும் நலமில்லை. காலையில் கதவைத் திறந்தால் பனி என்னைக் கேட்காமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள், அண்ணன், அப்பா எல்லோரும் சௌக்கியமா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி வகுப்பை இந்த வருடமும் உங்கள் தலையில்தான் கட்டினார்களா?

போன் செய்வதில்லை என்று கோபிக்காதீர்கள். டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் நான் பேசுவதைவிடக் காற்று பேசுவதுதான் உங்களுக்குக் கேட்கும். கடிதம்தான் நமக்கு லாயக்கு.

ஆராய்ச்சி நிலையத்தில் புதுச் சோதனை ஒன்று கிடைத்திருக்கிறது. தேயிலைச் செடி வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே தாய்ச்செடியின் கிளைத்துண்டிலிருந்து வந்த கன்றுகள், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மரபணுக்கள். மழை படாத கூரைக்கு அடியில் தொட்டிகளில் நிற்கின்றன. உங்கள் வகுப்புப் பாணியில் சொல்கிறேன். ஒரு வீட்டில் எத்தனையோ விளக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் எப்போதும் எரிய விடுவதில்லை அல்லவா? மரபணுக்களும் அப்படித்தான். தண்ணீர் இருந்தால் வளர்ச்சி விளக்குகள் எரியும். தண்ணீர் குறைந்தால் அவற்றை அணைத்துவிட்டுத் தற்காப்பு விளக்குகளைப் போட வேண்டும். எந்தச் செடி எவ்வளவு சீக்கிரம் சுவிட்சைத் தட்டுகிறது என்பதுதான் என் வேலை. இலையைப் பறித்த கையோடு உறைகுளிரில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் அது வறட்சியை விட்டுவிட்டு, 'ஐயோ, என்னைப் பறிச்சுட்டாங்களே' என்று வேறு கதை பேச ஆரம்பித்துவிடும்.

பெரிய வறட்சிக்கு முன்னால் சில தொட்டிகளுக்குச் சின்னச் சின்ன வறட்சி கொடுக்கிறோம்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்பா எப்படி இருக்கிறார்? வீட்டில் எல்லாம் அம்மா வைத்தபடியே இருக்கிறதா? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். காதில் விழுந்தால் சரி.

உங்கள்
குண்டூசி


ஜனவரி 30

அன்புக் குண்டூசிக்கு,

எல்லோரும் நலம். முழங்காலும் நலம்; மாடிப்படிதான் முனகுகிறது. உன் மூக்குக்கு ஒரு கம்பளித் துண்டு அனுப்பியிருக்கிறேன். கழுத்துக்குத்தான், ஆனால் நீ மூக்கில் சுற்றிக்கொண்டாலும் யார் பார்க்கப் போகிறார்கள், செடிதானே.

உன் விளக்கு உதாரணத்தை வகுப்பில் சொன்னேன். ஒரு பையன், "டீச்சர், கரண்ட் போனா செடி என்ன பண்ணும்?" என்றான். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் ஒரு சந்தேகம். பெரிய வறட்சி எப்படியும் வரத்தான் போகிறது. அதற்கு முன் எதற்குச் சின்ன வறட்சி? அடிக்கப் போகிறவன் முதலில் கிள்ளுவானேன்?

மாமா நன்றாக இருக்கிறார். தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்கடை இருக்கிறது. அதை நடத்தும் அம்மாவே கண்ணையும் சோதித்துத் தருகிறார். மாமா திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழுத்துப் பலகையைப் படிங்கன்னாங்க. ஆயுசு பூரா பஸ்ல நின்னு ஸ்டாப் பேரைக் கத்தினவன் இல்லையா, அதையும் கத்தியே படிச்சுட்டேன். தெருவுல போன ஒருத்தன் இறங்கணும்னு நெனச்சு நின்னுட்டான்."

உன் அம்மா போன பிறகு மாமா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். புது பிரேம் அவருக்கு எடுப்பாக இருக்கிறது.

உன் அண்ணன் கூடத்து ஃபேனைக் கழற்றி வைத்திருக்கிறார். எப்போது மாட்டுவார் என்பது அவருக்கும் ஃபேனுக்கும் உள்ள விஷயம்.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

கம்பளி கிடைத்தது. மூக்கு உங்களுக்கு நன்றி சொல்கிறது. எல்லோருடைய உடம்பும் நன்றாயிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். திடீரென்று தண்ணீரை நிறுத்தினால் செடி திகைத்துப்போகும். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் துழாவுவது போல. அது துழாவி முடிப்பதற்குள் இலை கருகிவிடும். முதலில் சின்ன வறட்சி கொடுத்து, பிறகு தண்ணீர் ஊற்றினால், செடி பழையபடி பச்சையாகிவிடும். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே அந்தத் தற்காப்பு மரபணுக்கள் பக்கம் கதவு முழுக்கச் சாத்தியிருக்காது, ஒருக்களித்தே இருக்கும். அடுத்த முறை தொட்டால் திறந்துகொள்ளும். கிள்ளுகிறவன் அடிப்பதற்காகக் கிள்ளவில்லை அண்ணி, தாங்குவதற்காகக் கிள்ளுகிறான். உங்கள் மாணவனிடம் சொல்லுங்கள், கரண்ட் போனாலும் செடி பள்ளிக்கூடத்துக்கு லீவு விடாது.

அம்மா தேர்ந்தெடுத்த கறுப்பு பிரேமை அப்பா மாற்றுவார் என்று நான் நினைக்கவில்லை. உடைந்ததைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எடுத்து வையுங்கள்.

உங்கள்
குண்டூசி


மார்ச் 8

அன்புக் குண்டூசிக்கு,

நலம், நலமே விழைகிறேன். உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். நல்ல பாடம். பலவற்றுக்கும் உதவும் போலிருக்கிறது.

கறுப்பு பிரேம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. புதுக் கண்ணாடியில்தான் ஒரு ஸ்க்ரூ அடிக்கடி கழன்றுவிடுகிறது. மாமா கடைக்குப் போய் முடுக்கிக்கொண்டு வருகிறார். அடுத்த வாரம் மறுபடி கழன்றுவிடுகிறது. உன் அண்ணன், "குடுங்கப்பா, நானே டைட் பண்ணித் தர்றேன்" என்றார். "மொதல்ல ஃபேனை மாட்டுடா. என் மூக்குக்கு நீ வராதே" என்று மாமா கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் டெப்போ பக்கம் நடக்கிறார். கூட நடக்க ஆள் இருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டுப் போடுகிறார்.

நீ கவலைப்பட ஒன்றுமே இல்லை. போன வாரம் பூராவும் மழை, வீட்டிலேயேதான் இருந்தார். உன் சின்ன வயசுப் படத்தைத் துடைத்து மாட்டினார். "தேயிலையைக் கட்டிக்கிட்ட பொண்ணு, எப்ப வர்றாளாம்?" என்று கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தொட்டிக்கு ஊற்றும் அக்கறையில் பாதியை உனக்கும் ஊற்றிக்கொள்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே பெரிய வறட்சி தொடங்கிவிட்டது, தொட்டிகளுக்குச் சொல்கிறேன். தண்ணீர்க் குழாயை மூடும்போது கொலைகாரி மாதிரி இருந்தது.

அந்தக் கண்ணாடிக்கடை அம்மாவுக்குத் தொழில் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு ஸ்க்ரூவை இத்தனை முறையா முடுக்குவார்கள்? அப்பாவை வேறு கடைக்குப் போகச் சொல்லுங்கள். அண்ணனுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். 'அப்பா நலம். வெயில் அதிகம்' என்று பதில் வந்தது. அவனிடம் கேட்பதும் வானிலை அறிக்கை கேட்பதும் ஒன்று.

இனி ஒரு நல்ல செய்தி. எனக்குப் பெரிய குடியிருப்பு ஒதுக்கிவிட்டார்கள். தெற்குப் பார்த்த அறை ஒன்றை அப்பாவுக்கென்று வெள்ளையடித்துவிட்டேன். குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜூன் கடைசியில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். நிரந்தரமாகத்தான். அம்மாவின் தையல் மெஷினையும் கொண்டுவருவேன். இரண்டு வருடமாக நீங்கள் பார்த்துக்கொண்டது போதும் அண்ணி, இனி என் முறை. இது அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! நான் வரும்வரை அவரிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்
குண்டூசி


ஏப்ரல் 20

அன்புக் குண்டூசிக்கு,

உடம்பை முதலில் பார்த்துக்கொள். இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

பிப்ரவரியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா, "ரெண்டு பேரும் கேளுங்க. நானும் கண்ணாடிக்கடை அம்மாவும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றார். நான் கரண்டியைக் கீழே போட்டேன். உன் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்க்ரூ பிரச்சினை தீந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். மாமா சிரித்ததில் புரையேறி, நான் தலையைத் தட்ட வேண்டியதாகிவிட்டது.

ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறார்கள். அந்த அம்மாவும் தனியாள்தான். கணவர் போய்ப் பல வருடமாகிறது. கடைக்கு மேலேயே வீடு.

உன்னிடம் யார் சொல்வது என்று கேட்டேன். "நீயே சொல்லும்மா. அவளை நெனச்சாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது" என்றார். சரி என்று ஏற்றுக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று தவித்தபோதுதான் உன் கடிதம் வந்தது. நீ உன் தொட்டிக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். இஸ்திரிச் சட்டை, நடை, ஸ்க்ரூ என்று கொஞ்சம் கொஞ்சமாக. சொன்ன கையோடு பயந்துபோய் நானே தண்ணீரும் ஊற்றிவிட்டேன். டீச்சர் புத்தி, போ. பாடத்தைப் பிரித்துப் பிரித்து நடத்தி, பரீட்சைத் தேதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நீ அறைக்கு வெள்ளையடித்ததைப் படித்ததும் இரண்டு நாள் எனக்குப் பேனா ஓடவில்லை.

என்னைத் திட்டு. மாமாவைத் திட்டாதே.

உன்
அண்ணி


மே 15

குண்டூசி,

நலமா? உன் கடிதம் வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

மாமா தபால்காரரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார். ஒன்றும் இல்லை என்றால் அவரிடமே, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று பேசி அனுப்புகிறார். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "என் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்" என்றார்.

கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி நழுவி விழுகிறது. உண்மையாகவே ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. முடுக்கிக்கொள்ளப் போகமாட்டேன் என்கிறார்.

உன் அண்ணன்கூடக் கவனித்துவிட்டார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்.

அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? பதில் தாமதத்துக்குச் சோதனையைக் காரணம் சொல்லலாம். ஆனால் அது பொய்.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பற்றித்தான் எனக்கு அடித்தல் இல்லாமல் எழுத வருகிறது. சின்ன வறட்சியை விடாமல் அடுத்தடுத்துச் சந்தித்த செடிகள் பெரிய வறட்சியைத் தாங்கிவிட்டன. சுவிட்சுகள் சட்சட்டென்று விழுந்ததைக் கருவி காட்டியது. ஒரே ஒருமுறை சின்ன வறட்சி கொடுத்து, அப்புறம் மாதக்கணக்கில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிய செடிகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. ஒருக்களித்த கதவு மூடிக்கொண்டது. அவைதான் முதலில் வாடின. அண்ணி, நீங்கள் எனக்குக் கொடுத்தது அந்த இரண்டாவது வகை. 'கவலைப்பட ஒன்றுமே இல்லை' என்று குடம் குடமாக ஊற்றினீர்கள். நானும் நம்பி அறைக்கு வெள்ளையடித்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. முழங்கால் வலியோடு என்னைப் பற்றியும் யோசித்திருக்கிறீர்கள் என்று நினைத்தால் அதுவும் நிற்கமாட்டேன் என்கிறது.

இன்னொன்று உங்களுக்கு நான் சொல்லித்தரவில்லை, என் தவறுதான். மண் காய்வது முதலில் இலைக்குத் தெரியாது. வேருக்குத்தான் தெரியும். வேர் ஒரு சேதியை மேலே அனுப்பும். அது வந்து சேர்ந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும், சுவிட்சுகளைத் தட்டும். பக்கத்துக் கிளை எவ்வளவு பிரியமாகச் சொன்னாலும் வேரின் சேதி போல ஆகாது.

அப்பா ஏன் எனக்கு எழுதவில்லை? அம்மா போன செய்தியைக்கூட அவர்தான் எனக்குச் சொன்னார். 'பாப்பா' என்று ஒரே வார்த்தைதான் சொன்னார், நான் தாங்கிக்கொண்டேன். இதை ஏன் சொல்லவில்லை? அம்மாவை மறந்தால்தான் சொல்ல வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றக்கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை.

உங்கள்
குண்டூசி


ஜூன் 2

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ நல்லா இருக்கியா கண்ணு? சளி விட்டுச்சா? எனக்குக் கடுதாசி எழுத வராது. டிக்கெட் கிழிச்ச கை. பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பை உங்க அண்ணி திருத்தப் பார்த்தா, நான் விடலை.

நீ எழுதினதை அண்ணி படிச்சுக் காட்டினா. வேர் சமாச்சாரம் புரிஞ்சுது. தப்பு என்னுதுதான். நாலு பேருக்கு முன்னாடி எவ்வளவோ கத்தியிருக்கேன், உன்கிட்ட இதைச் சொல்லத்தான் தைரியம் இல்லை. உன் மூஞ்சி உங்கம்மா மூஞ்சி. அதான்.

உங்கம்மாவை மறக்கலை. அவ இடத்துல யாரையும் உக்கார வைக்கலை. ஆள் இறங்கினாலும் அந்த சீட்டு அவளுதுதான், நான் சாகுற வரைக்கும். இது வேற.

கடைசி ட்ரிப் முடிஞ்சு எல்லாரும் இறங்கிடுவாங்க. அப்புறம் டெப்போ வரைக்கும் காலி வண்டி. கொஞ்ச தூரம்தான். ஆனா அந்த தூரம்தான் ரொம்ப நீளமா இருக்கும். டிரைவர் எதையாவது பேசிக்கிட்டு வந்தா தெரியாது. பேசாத டிரைவர்னா வண்டி நகரவே நகராது. வீட்ல உங்க அண்ணனும் அண்ணியும் எனக்கு ஒரு குறையும் வைக்கலை. ஆனா அவங்களுக்கு அவங்க வேலை. உன் வீட்டுக்கு வந்தாலும் நீ காலையில போயிடுவே. செடிகிட்ட நான் என்ன பேசறது, அதுக்குக் காது இருக்குன்னு இன்னும் நீங்க கண்டுபிடிக்கலையே.

கண்ணாடிக்கடை அம்மா நான் சொல்றதை முழுசா கேக்குது. அது பெரிய விஷயம் பாப்பா.

அதுவும் இப்போ போன்ல சொல்லிடுச்சு. "பொண்ணு மனசு வராம வேணாங்க. இது என்ன பிரேமா, பிடிக்கலேன்னா மாத்திக்க?" அப்படின்னுச்சு. நீ வேணாம்னா வேணாம். சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். ஆனா என்கிட்டயே சொல்லிடு.

அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சளி போய்விட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு மூன்று நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு மேட்டுக்கு ஏறினேன். அண்ணியிடம் கடையின் நம்பர் வாங்கியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் ஏறினேன் அப்பா, உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்.

"கடைங்களா?" என்றேன்.

"ஆமா. கண்ணு பாக்கணுமா?"

"நான் கண்டக்டர் ஐயாவோட பொண்ணு."

கண்ணாடிப் பெட்டி ஒன்றை மூடி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "குண்டூசியா? மேட்டுல நிக்கிறியா? காத்து சத்தம் கேக்குதே, மொதல்ல காதை மூடிக்க" என்றார். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "நீ என்ன சொல்லப் போறியோ சொல்லு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன், ரொம்ப நாளா கேக்கணும்னு. உங்க அம்மா சிரிச்சா நெஜமாவே தெருவே திரும்பிப் பாக்குமா? இல்ல, உங்கப்பா அளந்து விடறாரா?"

வேண்டாம் என்று சொல்ல வந்தது எனக்கு மறந்தே போயிற்று.

இந்த இரண்டு வருடத்தில் நாம் யாருமே அம்மா சிரித்ததைப் பற்றிப் பேசவில்லை அப்பா. அண்ணன் பேசமாட்டான். உங்களுக்கு வலிக்கும் என்று நானும் அண்ணியும் பேசவில்லை. எங்களுக்கு வலிக்கும் என்று நீங்கள் பேசவில்லை. அம்மாவின் தையல் மெஷின், அம்மாவின் பிரேம் என்று பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன் நான். நீங்களோ டெப்போவுக்குப் பின்னால் ஒரு கடையில் உட்கார்ந்து அம்மாவைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அங்கே மட்டும்தான் பேச முடிந்திருக்கிறது.

"நெஜம்தான்" என்றேன். "பக்கத்து வீட்டு நாய்கூடத் திரும்பிப் பாக்கும்."

அவர் சிரித்தார். அது வேறு மாதிரிச் சிரிப்பு. சின்னச் சிரிப்பு. எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் இலை சீக்கிரமே நிமிர்ந்துவிடும். உள்ளே வறட்சிக்குப் போட்ட விளக்குகள் எல்லாம் உடனே அணையாது. ஒவ்வொன்றாக, நிதானமாகத்தான் அணையும். நானும் அப்படித்தான் இருக்கிறேன். நிமிர்ந்துவிட்டேன். உள்ளே கொஞ்ச நாள் ஆகும். அதுவரை நான் உம்மென்று இருந்தால் இரண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பார்த்த அறை அப்படியே இருக்கட்டும். வெயில் காலத்தில் இரண்டு பேரும் வந்து தங்குங்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், என் ஆய்வுக் கட்டுரையில் நன்றி என்ற இடத்தில் அவர் பெயரைப் போடப்போகிறேன். காரணம் மட்டும் எழுதமாட்டேன்.

நான் 27ஆம் தேதி வருகிறேன். வீட்டுக்கு இல்லை, நேரே கடைக்கு. நீங்களும் அங்கே இருங்கள், இன்றைக்கே போய் அந்த ஸ்க்ரூவையும் முடுக்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மா எனக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் நம் அம்மா உங்கள் பஸ்ஸில் ஏறினாராம். நீங்கள் முறைப்படி, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டீர்களாம். "உங்ககூடத்தான்" என்று அம்மா உரக்கச் சொல்ல, பஸ்ஸே சிரித்ததாம். நீங்கள் விசில் ஊத மறந்து நிற்க, வண்டி கிளம்பாமல் நிற்க, டிரைவர் இறங்கிப் பின்பக்கம் வந்தாராம். அந்த இடத்தில் காற்று வந்து லைன் அறுந்துவிட்டது.

டிரைவர் வந்து என்ன சொன்னார் அப்பா? எழுத வேண்டாம். கடையில் வைத்துச் சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா